என்.எச்.எஸ் பென்சன் எடுத்தா ஸ்டேட் பென்சனை வெட்டுவினமோ? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில முக்கால்வாசி பிரிட்டனில எடுக்கிற பென்சன் பற்றித்தான், அரசாங்கம் குடுக்கிற ஸ்டேட் பென்சனும் வேலை செய்த இடம் குடுக்கிற பென்சனும். அதிலயும் அரசாங்க ஆஸ்பத்திரி (என்.எச்.எஸ்), பள்ளிக்கூடம், கவுன்சில் எண்டு அரசாங்கப் பக்கம் வேலை செய்த ஆக்கள் கனபேர். ஒரே மாதிரி இருந்ததுகளைச் சேர்த்து ஒண்டாக்கிப் போட்டிருக்கிறன். காசுக் கணக்கெல்லாம் 2025–26 வரி வருசத்துக்குரியது, ஏப்ரலுக்கு ஏப்ரல் மாறும், அதை மனசில வச்சுக்கொண்டு வாசியுங்கோ.

கேள்வி (ஹரோ வாசகர், 66 வயது): ஆஸ்பத்திரி லாப்ல 29 வருசம் வேலை. அதுக்கு முதல் 8 வருசம் ஒரு தனியார் கொம்பனியில. 63 வயசில நிப்பாட்டிப்போட்டு என்.எச்.எஸ் பென்சன் எடுத்தனான், மாசம் 750 பவுண் அப்பிடியே கைக்கு வந்துகொண்டிருந்தது. இப்ப ஸ்டேட் பென்சன் கிழமைக்கு 230.25 தொடங்கின உடன என்.எச்.எஸ் காசு 610 ஆக் குறைஞ்சு போச்சு. கோயில்ல கேட்டா "அது அப்பிடித்தான் அண்ணை, ஒண்டு வந்தா மற்றதில வெட்டுவாங்கள்" எண்டு சொல்லினம். உண்மையோ?

பதில்: அண்ணை, உங்கட பென்சனில ஒரு சதமும் வெட்டேல்லை. 750 எண்டது இப்பவும் 750தான், அந்த 140 பவுண் வருமான வரி. நான் ஒரு பேரோல் கந்தோரில 22 வருசம் இருந்தனான், இந்தக் கேள்வியை எத்தினை தரம் கேட்டிருப்பன் எண்டு எனக்கே தெரியாது, கோயில்ல ஓடுற கதையும் இதில இருந்துதான் பிறக்குது எண்டு நினைக்கிறன்.

நடக்கிறது என்னெண்டா, ஸ்டேட் பென்சனும் வரிக்கு உட்பட்ட வருமானந்தான், ஆனா அதைக் குடுக்கிற டி.டபிள்யூ.பி (பென்சன் திணைக்களம்) வரி பிடிக்காமல் முழுசா அனுப்பும். அப்ப அதுக்குரிய வரியை ஆரிட்டயாவது வாங்கத்தானே வேணும், ஆனபடியா ரெவின்யூக்காரர் (வரித் திணைக்களம்) உங்கட என்.எச்.எஸ் பென்சன்ர டாக்ஸ் கோட்டை, அதாவது எவ்வளவு காசை வரியில்லாமல் விடுறது எண்டு காட்டுற குறியை, மாத்திப்போட்டு ரெண்டுக்கும் சேர்த்து அங்கயே பிடிப்பினம். வரியில்லாத தொகை 12,570. உங்கட ஸ்டேட் பென்சன் 230.25ஐ 52 ஆல பெருக்கினா 11,973. மிச்சம் 597. முதல் 1257எல் எண்டு இருந்த கோட் இப்ப 59எல் எண்டு மாறியிருக்கும், கடிதத்தை எடுத்து ஒருக்காப் பாருங்கோ. வருசத்துக்கு 9,000 என்.எச்.எஸ் பென்சனில 597 போக மிச்சத்துக்கு 20 வீதம், அது ஏறக்குறைய 1,680, மாசத்துக்கு 140. கணக்கு சரியா வருது பாத்தீங்களோ. ரெண்டையும் சேர்த்துப் பாத்தா முந்தி வருசம் 9,000 வந்த இடத்தில இப்ப வரி போக 19,000க்கு மேல வருது, ஆனா ஒரு பாஸ்புக்கில மட்டும் குறைஞ்சதைப் பாத்தா ஆருக்கும் நெஞ்சு திக்கெண்டுதான் இருக்கும். ரெண்டு பென்சனிலயும் நாஷனல் இன்சூரன்ஸ் (என்.ஐ, ஸ்டேட் பென்சனுக்கு வருசம் சேரச் சம்பளத்தில பிடிக்கிற காசு) பிடிக்கக் கூடாது, அதையும் பாத்துக்கொள்ளுங்கோ.

கேள்வி (குரோய்டன் வாசகி): நான் 1961 ஆகஸ்டில பிறந்தனான். 1990 ஏப்ரலில இருந்து 2024 மார்ச் மட்டும் நேர்ஸ். 34 வருசம் ஒரு இடைவெளியும் இல்லாமல் என்.ஐ கட்டியிருக்கிறன். ஒன்லைன்ல பாத்தா இது வரைக்கும் உள்ளதுக்கு கிழமைக்கு 205.58 தான் எண்டு காட்டுது. பக்கத்து வீட்டு அக்கா சூப்பர்மார்க்கெட்டில வேலை செய்தவ, அவவுக்கும் 34 வருசம்தான், அவவுக்கு 223 பவுணுக்கு மேல காட்டுது. கீழ ஒரு இடத்தில "கோப்" எண்டு ஒரு தொகையும் இருக்கு. அரசாங்க வேலை செய்தது எங்கட குற்றமோ?

பதில்: தங்கச்சி, குற்றமில்லை, ஆனா கோயில்க் கதையில ஒரு துண்டு உண்மை இருக்கெண்டா அது உங்கட கேள்வியிலதான் இருக்கு, ஆனபடியா கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போறன், தேத்தண்ணி ஒண்டை ஊத்திக்கொண்டு வந்து இருங்கோ.

2016 ஏப்ரல் மாசச் சம்பளம் ஞாபகம் இருக்கோ? சம்பளம் கூடாமலே என்.ஐ மட்டும் கூடி, கைக்கு வாறது குறைஞ்ச மாசம். அதுக்கு முந்தின பே ஸ்லிப் கிடந்தா எடுத்துப் பாருங்கோ, என்.ஐ எழுத்து "டி" எண்டு இருக்கும், பிறகு "ஏ". அந்த "டி" எண்டதுதான் கொன்ட்ராக்டட் அவுட். 1978இல அரசாங்கம் அடிப்படைப் பென்சனுக்கு மேல சேர்ப்ஸ் எண்டு ரெண்டாவது தட்டு ஒண்டைக் கொண்டு வந்தது. என்.எச்.எஸ், டீச்சர்ஸ், கவுன்சில், சிவில் சேர்விஸ், பொலிஸ் மாதிரி ஸ்கீம்கள் "அந்த ரெண்டாவது தட்டை நாங்களே எங்கட ஆக்களுக்குக் குடுக்கிறம், அதுக்குப் பதிலா என்.ஐயைக் குறையுங்கோ" எண்டு வெளியில நிண்டவை. கடைசி வருசங்களில நீங்கள் 1.4 வீதம் குறைவாக் கட்டினனீங்கள், ஆஸ்பத்திரி 3.4 வீதம் குறைவாக் கட்டினது. பக்கத்து வீட்டு அக்கா முழுசாக் கட்டினவ. அவவுக்குச் சூப்பர்மார்க்கெட் என்ன பென்சன் குடுக்குது எண்டும் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ, உங்கட என்.எச்.எஸ் பென்சனுக்குக் கிட்டவும் நிக்காது.

2016 ஏப்ரல் 6 இல புது ஸ்டேட் பென்சன் வந்தது, ரெண்டு தட்டும் போய் ஒரே தட்டு, 35 வருசம் இருந்தா முழுசு, ஆகக் குறைஞ்சது 10 வருசம் வேணும். ஆனா முந்திக் குறைவாக் கட்டின ஆக்களுக்கும் முழுசாக் குடுத்தா மற்றவை சண்டைக்கு வருவினமே. அதுக்காக அண்டைக்கு எல்லாருக்கும் ரெண்டு கணக்குப் போட்டவை. ஒண்டு பழைய சட்டப்படி, அதில 30 வருசம் இருந்தா முழு அடிப்படைப் பென்சன் 119.30. உங்களுக்கு அப்ப 26 வருசம், ஆனபடியா 103.39. மற்றது புதுச் சட்டப்படி, முழுசு அப்ப 155.65, உங்கட 26 வருசத்துக்கு 115.63, அதில இருந்து கொன்ட்ராக்டட் அவுட் கழிவு. அது 31 பவுண் எண்டு வச்சால் மிச்சம் 84.63. எது கூடவோ அதுதான் உங்கட தொடக்கத் தொகை, அப்ப 103.39. (பழைய ரெண்டாவது தட்டில சிலருக்குச் சில பவுண் சேர்ந்திருக்கும், அதை இங்க விட்டிட்டன்.)

அதுக்குப் பிறகு நீங்கள் வேலை செய்த ஒவ்வொரு வருசமும் முழுப் பென்சன்ர 35 இல ஒரு பங்கைக் கூட்டும், இப்பத்தைய விலையில கிழமைக்கு 6.58. 2016இல இருந்து 2024 மட்டும் 8 வருசம். அதையும் கூட்டி இண்டைய விலைக்குக் கொண்டு வந்தா 205.58. உங்கட கம்பியூட்டர் சொன்ன அதே தொகை.

இனி கோப். கனபேர் அந்தத் தொகையைப் பாத்திட்டு "இது ஆர் தருவினம், எங்க அப்ளை பண்ணுறது" எண்டு கேக்கினம். ஒருத்தரும் தனியாத் தரமாட்டினம், அது உங்கட என்.எச்.எஸ் பென்சனுக்குள்ள ஏற்கனவே இருக்கு. நீங்கள் வெளியில நிக்காட்டி ரெண்டாவது தட்டில எவ்வளவு வந்திருக்கும் எண்டு காட்டுற ஒரு மதிப்பீடு, அவ்வளவுதான். 205இல இருந்து அதை இன்னொருக்காக் கழிச்சுப் பாத்து அழுத ஒரு அக்காவையும் எனக்குத் தெரியும், கழிக்கிறதெல்லாம் 2016இலயே கழிச்சு முடிஞ்சுது, திருப்பிக் கழிக்காதேங்கோ.

நல்ல செய்தி என்னெண்டா உங்களுக்கு ஸ்டேட் பென்சன் வாறது 67 வயசில, 2028 ஆகஸ்டில. அதுக்கு முதல் 2024–25 தொடங்கி 2027–28 மட்டும் நாலு வரி வருசம் இருக்கு. அந்த நாலையும் நிரப்பினா முழு 230.25க்குப் போயிடுவீங்கள். 35 வருசம் எண்ட கணக்கைப் பாத்து "இன்னும் ஒரு வருசம்தானே" எண்டு நினைக்க வேண்டாம், முந்தி வெளியில நிண்ட ஆக்களுக்கு 35க்கு மேலயும் தேவைப்படும். என்.எச்.எஸ் பென்சன் எடுத்துக்கொண்டு வீட்டில இருந்தா அந்தப் பென்சனுக்காக என்.ஐ வருசம் சேராது, இது கனபேருக்குத் தெரியாது. பகுதிநேரமா ஏதாவது வேலை செய்யலாம், அல்லாட்டி காசு கட்டி வாங்கலாம். கட்டுற விலை 2025–26இல கிழமைக்கு 17.75, வருசத்துக்கு 923. திருப்பிக் கிடைக்கிறது வருசத்துக்கு 342 பவுண், சாகும் மட்டும், அதுவும் கூடிக்கூடி. வரிக்கு முந்தின கணக்கில மூண்டு வருசத்துக்குள்ள போட்ட காசு வந்திடும், நானெண்டா யோசிக்கமாட்டன். ஆனா காசு கட்ட முதல் அடுத்த கேள்வியையும் வாசியுங்கோ.

கேள்வி (இல்ஃபோர்ட் வாசகி, 62): பள்ளிக்கூடத்தில டீச்சிங் அசிஸ்டண்டா இருந்து போன வருசம் நிப்பாட்டினனான். இப்ப மகளின்ர ரெண்டு வயசுப் பிள்ளையைப் பாக்கிறன், மகள் வேலைக்குப் போறா. பேரப்பிள்ளையைப் பாத்தா ஸ்டேட் பென்சனுக்கு வருசம் சேருமாமே, பகிடியோ?

பதில்: பகிடி இல்லை அக்கா, 2011இல இருந்து இருக்கிற சட்டம். 12 வயசுக்குக் குறைஞ்ச பேரப்பிள்ளையை நீங்கள் பாக்க, தாயோ தகப்பனோ வேலைக்குப் போக, சைல்ட் பெனிஃபிட் (பிள்ளைக்கு அரசாங்கம் குடுக்கிற காசு) எடுக்கிற ஆளுக்கு வாற என்.ஐ கிரெடிட்டை, அதாவது காசு கட்டாமலே சேருற வருசத்தை, உங்களுக்கு மாத்தலாம். மகளுக்கு வேலையாலயே அந்த வருசம் கிடைக்குதெண்டபடியா அவவுக்கு அது தேவையில்லை, சும்மா வீணாப் போறது. எத்தினை மணித்தியாலம் பாக்கவேணும் எண்ட கணக்கும் இல்லை. உங்களுக்கு ஸ்டேட் பென்சன் வயது வர முதல் உள்ள வருசங்களுக்குத்தான் செல்லும். வரி வருசம் முடிஞ்சு அந்த ஒக்டோபர் 31 கழிய அப்ளை பண்ணுங்கோ, ஃபோமில நீங்களும் மகளும் கையெழுத்து வைக்கவேணும். பழைய வருசங்களுக்கும் கேக்கலாம்.

ரெண்டு சிக்கல். ஒரு சைல்ட் பெனிஃபிட் கிளெய்முக்கு ஒரு கிரெடிட்தான், ஆனபடியா அம்மம்மாவும் அப்பம்மாவும் மாறி மாறிப் பாத்தாலும் ஒராளுக்குத்தான், சம்பந்திமார் பேசித் தீர்க்கவேணும், அதில நான் தலை போடமாட்டன். மற்றது, மருமகன் பெரிய சம்பளக்காரன், எப்பிடியும் வரியாத் திருப்பிக் கட்டவேணும் எண்டு போட்டு சைல்ட் பெனிஃபிட்டுக்கே பதியாமல் விடுற குடும்பங்கள் எங்கட ஆக்களுக்குள்ள கனக்க. அப்பிடி விட்டா மாத்திறதுக்குக் கிரெடிட்டே இராது. பதியுங்கோ, காசு வேண்டாம் எண்டு மட்டும் அடையாளம் போடுங்கோ.

கேள்வி (ரெடிங் வாசகி, திருச்சிக்காரர்): நான் என்.எச்.எஸ்ல 2001ல சேர்ந்தேன். ரிட்டயர் ஆனதும் திருச்சிக்கே போய்டலாம்னு நானும் வீட்டுக்காரரும் முடிவு பண்ணியிருக்கோம். ரெண்டு பென்ஷனும் அங்க வருமா, இல்ல ஏதாவது கட் ஆகுமா?

பதில்: ரெண்டும் வரும் அம்மா, ஆனா ரெண்டும் ஒரே மாதிரி வளராது. என்.எச்.எஸ் பென்சன் நீங்கள் திருச்சியில இருந்தாலும் டூட்டிங்கில இருந்தாலும் ஒவ்வொரு ஏப்ரலும் விலைவாசிக்கு ஏற்பக் கூடும். ஸ்டேட் பென்சன் அப்பிடி இல்லை. இந்தியா, இலங்கை, கனடா, ஆஸ்திரேலியா போற ஆக்களுக்கு அது உறைஞ்சு போயிடும், போன அண்டைக்கு எவ்வளவோ சாகும் மட்டும் அவ்வளவு. 2016இல முழுப் பென்சன் 155.65 எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போன ஒருத்தருக்கு இண்டைக்கும் 155.65தான், இங்க இருக்கிறவருக்கு 230.25. கிழமைக்கு 74.60 வித்தியாசம். உங்களோட அதே வார்டில வேலை செய்த பிலிப்பைன்ஸ் நேர்ஸ் மணிலாவுக்குப் போனா அவவுக்குக் கூடும், ஏனெண்டா அந்த நாட்டோட ஒப்பந்தம் இருக்கு, இந்தியாவோட இல்லை. என்னைக் கேட்டா இது நியாயமே இல்லாத வேலை, ஒரே என்.ஐ கட்டினவைக்கு ரெண்டு கணக்கு. ஆனா வழக்குப் போட்டுப் பாத்தாச்சு, 2010இல ஸ்ட்ராஸ்பேர்க் மனித உரிமை நீதிமன்றமும் அரசாங்கத்தின்ர பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. பேரப்பிள்ளையளைப் பாக்க இங்க வந்து நிக்கிற நாளுக்கு மட்டும் இங்கத்தைய விலையில கேட்டு வாங்கலாம், திரும்பிப் போனா பழையபடி. இங்க வந்து நிரந்தரமா இருந்தா முழுசும் திரும்பும். ஆனபடியா வயசு போகப் போகச் செலவுக்கு எதை நம்புறது எண்டு கணக்குப் போடேக்க என்.எச்.எஸ் பென்சனை நம்புங்கோ, ஸ்டேட் பென்சனை வருசா வருசம் தேயுற காசாப் பாருங்கோ.

கேள்வி (லூயிஷம் வாசகர்): 2025 ஏப்ரலில ஸ்டேட் பென்சன் 4.1 வீதம் கூடினது, என்ர கவுன்சில் பென்சன் 1.7 வீதம்தான். பிழை விட்டிட்டினமோ?

பதில்: பிழை இல்லை. ஸ்டேட் பென்சனுக்கு மூண்டு பூட்டு, சம்பள உயர்வு, விலைவாசி, 2.5 வீதம், இதில எது கூடவோ அது. கவுன்சில், என்.எச்.எஸ், டீச்சர்ஸ் எல்லாத்துக்கும் முந்தின செப்டெம்பர் விலைவாசி மட்டும்தான், 2024 செப்டெம்பரில அது 1.7. 2023இல ரெண்டுக்கும் 10.1 கூடினது, அப்ப ஒருத்தரும் கடிதம் போடேல்லை.

கேள்வி (வெம்பிளி வாசகி): பிரைமரி ஸ்கூல்ல மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குப் போறன், வருசம் 5,000 பவுண் மட்டில வரும். கவுன்சில் பென்சனுக்குப் பிடிக்கினம், அப்ப ஸ்டேட் பென்சனுக்கும் சேரும்தானே?

பதில்: சேராது அக்கா, இதைத்தான் நான் கண்ட கண்ட இடத்திலயெல்லாம் சொல்லுறனான். கவுன்சில் பென்சனில நீங்கள் உழைக்கிறதில 5.5 வீதம் பிடிச்சு, ஒவ்வொரு வருசமும் சம்பளத்தில 49 இல ஒரு பங்கு பென்சனாச் சேருது, அது நல்ல விசயம், விட்டிடாதேங்கோ. ஆனா ஸ்டேட் பென்சனுக்கு ஒரு வேலையில கிழமைக்கு ஆகக் குறைஞ்சது 125 பவுண் வேணும், வருசத்துக்கு 6,500. அதுக்கு மேல போனாலே போதும், என்.ஐ கட்டாட்டிலும் கட்டினதா எடுப்பினம். பின்னேரம் இன்னொரு இடத்தில துப்பரவு வேலைக்குப் போய் அங்கயும் 5,000 எடுத்தாலும் ரெண்டையும் கூட்டமாட்டினம். ஒரே இடத்தில இன்னும் சில மணித்தியாலம் கேட்டுப் பாருங்கோ. வீட்டில 12 வயசுக்குக் கீழ பிள்ளை இருந்தா சைல்ட் பெனிஃபிட் உங்கட பேரில இருக்கோ எண்டு பாருங்கோ. எங்கட வீடுகளில எல்லா ஃபோமும் ஐயாவின்ர பேரிலதான் போகும், அவருக்கு முழுநேர வேலையால ஏற்கனவே வருசம் இருக்கும், கிரெடிட் அவருக்குப் போய் என்ன பிரியோசனம். ரெவின்யூக்காரரிட்டக் கேட்டா உங்களுக்கு மாத்துவினம்.

கேள்வி (ஈஸ்ட்ஹாம் வாசகர்): அப்பா இலங்கையில ஆசிரியர், அங்கத்தைய அரசாங்கப் பென்சன் வருது. இங்க 11 வருசம் கடையில வேலை செய்து என்.ஐ கட்டினவர். இலங்கைப் பென்சனைச் சொன்னா இங்கத்தையதை நிப்பாட்டுவினம் எண்டு பயப்பிடுறார்.

பதில்: ஸ்டேட் பென்சனை நிப்பாட்டமாட்டினம். அது கட்டின வருசத்துக்கு வாறது, வேற வருமானம் பாத்துக் குடுக்கிறதில்லை. 11 வருசத்துக்கு 35 இல 11 பங்கு, அவ்வளவு. அங்க படிப்பிச்ச வருசங்களை இங்க சேர்க்கவும் ஏலாது. ஆனா பென்சன் கிரெடிட் வேற சாமான், அது வருமானம் பாத்துத்தான், தனி ஆளுக்கு கிழமைக்கு 227.10 மட்டும் நிரப்பிக் குடுக்கும், அந்த ஃபோமில இலங்கைப் பென்சனைக் கட்டாயம் எழுதவேணும். ரூபாயைப் பவுணாக்கினா சின்னத் தொகையாத்தான் வரும், அதை மறைச்சுப்போட்டுப் பிறகு திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வாற தலையிடி தேவையோ?

கேள்வி (சறே வாசகி): எனக்கு இப்ப 59. என்.எச்.எஸ் பென்சன் 60இல எண்டு ஒரு ஆள் சொல்லுறா, 67இல எண்டு இன்னொராள் சொல்லுறா.

பதில்: ரெண்டு பேரும் சரி. என்.எச்.எஸ் பென்சனில பழைய 1995 பிரிவில சேர்ந்த பங்கு 60இல. 2015 ஸ்கீமில சேர்ந்த பங்கு உங்கட ஸ்டேட் பென்சன் வயதோட கட்டினது, உங்களுக்கு 67. 2022 ஏப்ரலுக்குப் பிறகு எல்லாரும் 2015 ஸ்கீமிலதான். அதையும் 60இலயே எடுக்கலாம், ஆனா முந்தி எடுக்கிறதுக்குக் குறைப்பினம். 2015 தொடங்கி 2022 மட்டும் உள்ள ஏழு வருசத்தைப் பழைய கணக்கில எடுக்கிறதோ புதுக் கணக்கில எடுக்கிறதோ எண்டு ஓய்வு எடுக்கேக்க உங்களிட்டக் கேப்பினம், ரெண்டு தொகையையும் பக்கத்தில வச்சுப் பாக்காமல் கையெழுத்து வைக்காதேங்கோ.

கேள்வி (லூட்டன் வாசகர்): என்.எச்.எஸ் பென்சன் எடுக்கிறன் எண்டு அரசாங்கத்துக்குத் தெரியும்தானே, 66 வந்த உடன ஸ்டேட் பென்சனும் தானா வருமோ?

பதில்: வராது ஐயா. ரெண்டும் வேற வேற கந்தோர். பிறந்தநாளுக்குச் சில மாசம் முதல் ஒரு கடிதம் வரும், அதில உள்ள இலக்கத்தை வச்சு ஒன்லைன்ல அல்லது ஃபோன்ல நீங்கள்தான் கேக்கவேணும். கடிதம் வராட்டிலும் கேக்கலாம். கேக்காமல் விட்டா பிந்தி எடுக்கிறதா நினைச்சு ஒவ்வொரு 9 கிழமைக்கும் 1 வீதம் கூட்டி வைப்பினம். அது உங்களுக்கு வேணுமெண்டா இருங்கோ, வேண்டாமெண்டா இண்டைக்கே ஃபோனை எடுங்கோ. 1960 ஏப்ரல் 6இலயோ அதுக்குப் பிறகோ பிறந்திருந்தா 66 இல்லை, 66உம் சில மாசமும், 1961 மார்ச் 6இல இருந்து பிறந்த ஆக்களுக்கு 67. நீங்கள் பிறந்த வருசத்தை எழுதேல்லை.